பல்லவிக்குப் பிறகு ஒன்றரை நொடி

1.
இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அதை எடுத்தது யார் என்பதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அக்கா எடுக்கிறாள். அது பொய். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் அடிக்க மனம் வரவில்லை, வாசகரே.

2.
அக்கா ட்ராக் பாடகி. மெட்டு தயாரானதும் முதலில் பாடிக் கொடுப்பாள். அதைக் கேட்டுப் பெரிய பாடகர்கள் கற்றுக்கொண்டு பாடுவார்கள். பிறகு அக்காவின் குரலை எடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

போன வருடம் ஒரு மலையாளப் படம். காதலும் கலாட்டாவும். அதில் நாயகனும் நாயகியும் ஒரு குடைக்குச் சண்டை போடும் பாட்டு. (அக்காவுக்கு மலையாளம் சுமார்தான். வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள்.) பாடி முடித்ததும் இசையமைப்பாளர், "இதுல உன் குரலே இருக்கட்டும்மா" என்றார். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் மூன்று நாள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதே பல்லவி. எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

3.
ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் பாடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்த இசையமைப்பாளர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து காணாமல் போனார். அக்கா சிரித்துவிட்டாள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில், ஒன்றரை நொடி.

"அப்புறம் வெட்டிக்கலாம்" என்ற ஒலிப்பதிவாளர் மறந்துவிட்டார். அந்த ட்ராக்கைப் போட்டுத்தான் படம் பிடித்தார்கள். சிரிப்பும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்த நடன இயக்குநர், அந்த இடத்தில் நாயகியைக் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க வைத்தார். படத்திலேயே நல்ல காட்சி அதுதான்.

4.
பெரிய குரல்தான் வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதமாக நின்றார். பெரிய பாடகி வந்து அருமையாகப் பாடினார். சிரிப்பு மட்டும் வரவில்லை. ஒன்பது டேக். [இங்கே அவரைத் திமிர் பிடித்தவராக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நல்ல மனுஷி, பாவம்.] ஒலிப்பதிவாளர் அக்காவுக்குப் போன் செய்தார்.

வரைவு ஒன்று: அக்கா எடுக்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் சிரிப்பாவது இருக்கட்டும் சார்" என்கிறாள்.

நன்றாக இருக்கிறது, இல்லையா வாசகரே? அக்கா அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எடுத்தவன் நான்.

"அக்கா இல்லையா தம்பி? பாட்டை வேற ஒருத்தங்க பாடிட்டாங்க. அந்தச் சிரிப்பை மட்டும் வச்சுக்கலாமான்னு கேக்கணும்."

"அதுக்கென்ன சார், வச்சுக்கோங்க."

பெருந்தன்மை எல்லாம் இல்லை. பாட்டு கைவிட்டுப் போனதை மாடியேறிப் போய் அவளிடம் சொல்லப் பயம். அவ்வளவுதான்.

5.
பாட்டு வெளியான அன்று அதே மேசையில் உட்கார்ந்து கேட்டோம். வேறு குரல். அக்காவின் முகம் மாறவில்லை, பழகியதுதானே. பிறகு சிரிப்பு வந்தது. பாட்டை நிறுத்தினாள்.

"பாட்டு போனா போகுது. இதை யாரைக் கேட்டுடா வச்சாங்க?"

"தெரியலக்கா."

அன்றிலிருந்து அவள்

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.] அன்றிலிருந்து அவள் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

6.
முடிவுகள். அடுத்த படத்தில் அக்காவுக்கு முழுப் பாட்டு கிடைக்கிறது: சினிமாத்தனம். நாயகி வீடு தேடி வந்து நன்றி சொல்கிறாள்: அதைவிட மோசம்.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அக்கா. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்தித் தருவாள். இதுவும் நாளைக் காலை அவள் கைக்குத்தான் போகும்.

ஆகையால், வாசகரே வாசகரே என்று இவ்வளவு நேரம் கூப்பிட்டது உன்னைத்தான், அக்கா. அன்றைக்குத் தெரியாது என்றது பொய். கீழே இடம் விட்டிருக்கிறேன். திட்டி எழுது. கிழித்துப் போடு. ஆனால் நாற்காலி விழுந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பு வந்தால் மட்டும், கையை எடுத்துவிட்டு