தங்கை போட்ட நாலு சுற்று

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அங்கே எனக்குச் ‘சிவப்பு மை’ என்று பட்டப்பெயர். தப்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். நானும் தங்கையும் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் குரோஷா ஊசியில் யானை, ஆமை, குல்லாய் என்று ஏதாவது பின்னிக்கொண்டே இருப்போம். அவள் கண்ணிகளை எண்ணவே மாட்டாள். நான் எண்ணிப் பார்த்து, தப்பு இருந்தால் அவளைக் கேட்காமலே பிரித்துவிடுவேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பப் போடுவாள்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே மகளுக்கு ஒரு கரடிக்குட்டி போட்டுக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி முடிந்திருந்தது. போன திங்கட்கிழமை அவள் வீட்டுக்காரர் அதைப் பையோடு கொண்டுவந்தார். ஊசி கடைசிக் கண்ணியிலேயே மாட்டியிருந்தது. குழந்தை தினமும் கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன், அதற்குள் முடியுமா என்றார். முடித்துவிடலாம் என்றேன்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். மேலிருந்து நாலாவது சுற்றில் முப்பத்தாறு கண்ணிக்குப் பதில் முப்பத்தேழு. ஊசியை உருவி நூலை இழுத்தேன். சரசரவென்று வந்தது. நாலு சுற்றும் மடியில் சுருள் சுருளாக விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவள் கை கடைசியாகச் செய்த வேலை அது. என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

திரும்பப் போடலாம் என்றால், அவள் இடது கைக்காரி. என் கண்ணி ஒரு பக்கம் சாயும், அவளுடையது மறுபக்கம். அம்மா போட்டதை விரலால் தடவியே சொல்லிவிடுவாள் அந்தக் குழந்தை. அவளிடம் அம்மாவுடையது என்று என் வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் வேலைவிட்டு வந்ததும் இடது கையில் ஊசியைப் பிடித்துப் பார்த்தேன். விரல் வளையவே இல்லை. கரடியின் உடம்பு, கை, கால் எல்லாம் என் கையால் முடிந்துவிட்டன. தலை மட்டும் அப்படியே கிடந்தது.

ஞாயிறு காலை ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு டெய்லர் தன் புது மிஷின் செய்யும் படுத்தலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அவர் உள்ளே போனதும் குனிந்து பார்த்தேன்.

ஊசி என் இடது கையில் இருந்தது. நாலு சுற்றும் முடிந்திருந்தன. கண்ணிகள் அவள் பக்கமே சாய்ந்திருந்தன. எண்ணினேன். நாலாவது சுற்றில் முப்பத்தேழு.

கரடித் தலையை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக எழுந்து நின்றேன். என் சொந்தத் தங்கைதானே, அவளுக்குப் போய் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் குழந்தை வந்தாள். நேராக மேஜைக்குப் போய்த் தலையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலை அந்தச் சுற்றுகளின் மேல் மெதுவாக ஓட்டினாள். அம்மா போட்டது என்று சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

“பெரியம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன்டா. உங்கம்மா போட்டத நான் பிரிச்சுட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“தெரியும். அம்மா ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. பெரியம்மா கண்டிப்பா பிரிச்சுடுவாங்க, நீ அழக் கூடாது, நான் வந்து திரும்பப் போட்டுக் குடுத்துடறேன்னு.”

சொல்லிவிட்டு, புடவைக்குள்ளிருந்து என் இடது கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.