ஒல்லாந்தர் கேட்ட மறுமொழி

வேனிலின் வெம்மை தணிந்து, மேப்பிள் மரங்களின் நுனியிலைகள் செம்மை கொள்ளத் தொடங்கியிருந்த ஒரு பிற்பகல். தெற்கே கடலென விரிந்த ஏரி வெள்ளித் தகடாய் ஒளிர, அதன் கரையில் ரொறன்ரோவின் நெடுமாடங்கள் தம்முள் உயரம் அளந்து நிற்க, ஊர்திகள் எறும்பு நிரையென வடக்கே மார்க்கம் நகரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுட் பல, பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற ஒரு திடலின் ஓரம் வந்து நின்றன. தமிழ் மகளிர் கால்பந்துக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி அன்று. யூனியன்வில்லிலிருந்தும் அஜின்கோர்ட்டிலிருந்தும் திரண்டவர்கள், சூடான றோல் சிற்றுண்டியைக் கையில் ஏந்தியபடி, தம் வீட்டுப் பெண்களின் பெயரைத் தொண்டை வறள அழைத்துக்கொண்டிருந்தனர்.

அத்தனை ஆரவாரத்தினிடையே, ஓசையடங்கிய நெஞ்சோடு கோட்டோரம் நின்றார் யோரிசு, ஒல்லாந்து நாட்டவர், அஜின்கோர்ட் அலைமகள் அணியின் பயிற்றுநர். இளமையில் அவர் கால்கள் பெற்ற புகழ், நயம் அறிந்தோரே, சிறிதன்று. வடகடலோரத் துறைமுக நகர் ஒன்றின் அணியில், இடப்புற விளிம்பு வழியே பந்தோடு அவர் புறப்பட்டால், எதிரணிக் காவலர் காற்றில் சாய்ந்த நாணல்போல் ஒதுங்குவர். அரங்கம் எழுந்து நிற்கும். முழங்கால் முறிந்தபின் பயிற்றுநரானார். ஒல்லாந்து ஆட்டக்காரரோ கட்டளை கேட்டதும் காரணம் கேட்பவர்கள். 'நீர் சொல்வது பிழை' என்று முகத்துக்கு நேரே உரைத்தோரை அவர் அணியிலிருந்து அகற்றினார். அகற்ற அகற்ற அணி மெலிந்தது. ஈற்றில் அவரே அகற்றப்பட்டார். அடுத்த அணியிலும் அதுவே நிகழ்ந்தது, அதற்கடுத்ததிலும். கடல் கடந்து வந்து சரக்கூர்தி ஓட்டிக்கொண்டிருந்தவரை, அலைமகள் கழகத் தலைவர் ஜெயரட்ணம் அழைத்து வந்து இப்பெண்களிடம் ஒப்படைத்தார். இக்கிண்ணமும் கைநழுவினால் பயிற்றுநர் ஊதலை இனித் தொடுவதில்லை என்று அன்று காலை யோரிசு தமக்குள் முடிவு கட்டியிருந்தார்.

இங்கு வந்த தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவர் எது சொன்னாலும் பெண்கள் ஒருங்கே "ஓம்" என்றனர். ஒல்லாந்த மொழியில் 'ஓம்' என்பது மாமனையும் சிற்றப்பனையும் குறிக்கும் சொல். உறவென்று ஒருவரும் அருகில்லாத அம்மனிதர், தம்மை உறவு கொண்டாடுகின்றனர் என எண்ணி உருகிப்போனார். வலைகாக்கும் அன்ரனெற்றே அம்மயக்கத்தைத் தெளிவித்தாள்.

"ஐயோ கோச், ஓம் எண்டால் யெஸ்! உங்களுக்கு மாமா ஆகவேணுமெண்டால் சொல்லுங்கோ, அங்கிள் எண்டே கூப்பிடுறம்."

அன்றுமுதல் அவர் அங்கிள் ஆனார். மறுத்துப் பேசுவோர் இல்லாத அணி ஒன்று வாழ்நாளில் முதன்முறையாக வாய்த்ததென்று மகிழ்ந்தும் போனார்.

அம்மகிழ்ச்சி இறுதிப் போட்டியின் முற்பாதியிலே உடைந்தது. காவல் நிரை நடுக்கோடு வரை ஏறி நின்று எதிரியை நெருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. மார்க்கம் அணியின் ஸ்டெபனி என்பாளோ வில்லிலிருந்து விடுபட்ட அம்பு. ஏறி நின்ற நிரையின் பின்னே பந்து விழுந்ததும், அவள் ஓடினாள், வலை அதிர்ந்தது. சற்றுப் பின் மீண்டும் ஓடினாள்; மீண்டும் அதிர்ந்தது.

இடைவேளையில் பெண்கள் புல்லில் வட்டமாய் அமர்ந்தனர். "இன்னும் முன்னே ஏறுங்கள். மூச்சுவிட இடம் கொடாதீர்கள்" என்றார் யோரிசு.

"ஓம்" என்றது வட்டம். அணித்தலைவி துவாரகாவின் இதழ்கள் மட்டும் அசையவில்லை.

"நீ என்ன சொல்கிறாய்?"

அவள் காலணிக் கயிற்றை அவிழ்த்தாள், மீண்டும் கட்டினாள். "இல்லை, அங்கிள்."

"வாயை மூடடி!" என்று அன்ரனெற் அவள் தொடையில் கிள்ளினாள்.

"கிள்ளாதை. இரண்டு கோலை விட்டிட்டு இருக்கிறாய், உனக்குக் கதை வேறை." துவாரகா நிமிர்ந்தாள். "அங்கிள், நாங்கள் ஏற ஏறப் பின்னுக்கு வெறும் வெளி. உவள் ஸ்டெபனிக்கு அது காணும், பறந்து வந்திடுவாள். நாங்கள் இறங்கி நிண்டால் அவளுக்கு ஓட இடமில்லை. எங்களைத் தேடி அவையள் மேலை வருவினம். அப்ப அவையின்ரை பின்பக்கம் திறக்கும்."

"இதை முன்பே அறிவாயா?"

"போன மாசமே தெரியும்."

"பின் ஏன் ஓம் என்றாய்?"

"அது நீங்கள் சொன்னது விளங்கிச்சுது எண்ட ஓம். சரி எண்ட ஓம் இல்லை. பெரியாக்களுக்கு முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லுறேல்லை."

யோரிசின் செவிகள் சிவந்தன. அகற்றப்பட்ட ஒல்லாந்த இளைஞர் ஒவ்வொருவரின் முகமும் அவர் முன் வந்து போயிற்று. இவளையும் வெளியே அமர்த்திவிட்டு வேறொருத்தியை இறக்க ஒரு சொல் போதும். அச்சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். விழுங்கியது முள்ளாய் இறங்கியது.

"இவள் சொல்வதுபோல் எண்ணுவோர் கை உயர்த்துக."

ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பின் வட்டம் முழுவதும். கடைசியில், அவளைக் கிள்ளிய அன்ரனெற்றின் கையுறையும் எழக் கண்டு, அவர் தம்மை மறந்து சிரித்தார். "அப்படியே ஆடுங்கள்" என்றார்.

பிற்பாதியில் அலைமகள், பெயருக்கேற்பப் பின்வாங்கிப் பின் பொங்கிற்று. ஓட வெளியின்றி ஸ்டெபனி கூண்டுப் பறவையாய்த் தவிக்க, அவளுக்கு உதவ மார்க்கம் மகளிர் மேலேறி வர, அவர்கள் விட்டுவந்த வெளியில் துவாரகாவின் நெடும்பந்து விழுந்தது. ஒரு கோல். சிறிது பொழுதில், அதே வழியில் இன்னொன்று. பார்வையாளரின் வெயிற்குடைகள் கூத்தாடின, முதியோர் இருக்கை மறந்தனர்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மூலைப்பந்து ஒன்று கிடைத்தது. காவல் நிரையை விட்டுத் துவாரகா முன்னே ஓடினாள். 'நில்!' எனக் கத்த எழுந்த குரலைப் பல்லிடையே நெரித்தார் யோரிசு. பந்து வளைந்து வந்தது. கூட்டத்தின் மேலே துவாரகாவின் தலை எழுந்தது. வலை பருந்தின் சிறகென விரிந்து அதிர்ந்தது. அடுத்த நொடி ஸ்டெபனி விடுத்த இறுதி உதையை, அன்ரனெற் உடலெல்லாம் கையாக நீண்டு வெளியே தட்டினாள். நடுவர் ஊதினார்.

ஜெயரட்ணம் கண்ணீரோடு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "வாற வருசம் மாகாணப் போட்டி! நீங்கள்தான் கோச். என்ன மாதிரி ஆடுவம், சொல்லுங்கோ!"

"என்னைக் கேளாதீர்கள், அவர்களைக் கேளுங்கள்" என்றார் யோரிசு.

அவர்களோ கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதற்குள்ளாகவே சண்டை பிடித்துக்கொண்டிருந்தனர்.

"உனக்கு இனிப் பந்து தரமாட்டன், நீ உதைச்சால் ரோட்டைத் தாண்டும்!"

"நீ ஓடுறதைப் பாத்து ஆமை சிரிக்குது, பெரிசாக் கதைக்காதை!"

"அங்கிள், விடியக் காலமைப் பயிற்சி எண்டால் நான் வரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்!"

"உந்த வெள்ளை உடுப்பும் வேண்டாம், ஊத்தை தெரியுது!"

யாழிசை கேட்பவர்போல் அவர் அருகே சென்று நின்றார். வெற்றி பெற்றோர் இவ்வுலகில் பலர். தம் எதிரே நின்று அஞ்சாது வாய் திறக்கும் துணைவரைப் பெற்றோர் சிலர். இளமையில் அரங்கமே எழுந்து ஆர்த்த நாளிலும் எய்தாத பெருமிதம் முகத்தில் விரிய, அச்சிலருள் ஒருவராய், அந்த ஒல்லாந்தர் மாலை வெயிலில் நின்றிருந்தார்.