சுவரைப் பார்த்த டிவி

தீபாவளிக்கு ஹட்டன் கடை ஒன்றில் தள்ளுபடி போட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், மூன்று வீடுகளுக்கு ஒரே லொறியில் ஒரே மாதிரி டிவி வந்து இறங்கியது. கடைசி வீட்டுச் செல்லசாமி அண்ணனுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு ராசம்மாவுக்கு ஒன்று. ராசம்மாவுக்குக் கொழும்பில் வேலை செய்யும் மகன் காசு கட்டியிருந்தான். மாட்ட வந்த கடை ஆள் அவசரத்தில் மூன்றுக்கும் 'லிவிங் ரூம் டிவி' என்ற பெயரையே விட்டுவிட்டுப் போனான். ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள லயத்தில் லிவிங் ரூம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த டிவி வந்த நாளிலிருந்து எனக்கு அதனோடு சண்டைதான். மழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டால், புதிதாக ஏதோ ஏற்ற வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் தெரியாமல் ஒரு பட்டன் அமுங்கினால் இந்திக்காரன் வந்து பேசுவான். இத்தனைக்கும் வைஃபை பெட்டி இருப்பது செல்லசாமி அண்ணன் வீட்டில். லயத்தில் பாதிப் பேர் அந்த ஒரு பெட்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். என் புருஷன் பிரதாப் வட்டகொடையில் ஆட்டோ ஓட்டுகிறவர். எந்த வண்டியையும் கழற்றி மாட்டுவார். டிவிக்கு முன்னால் மட்டும் பரீட்சைக்குப் படிக்காமல் போன பிள்ளை மாதிரி நிற்பார்.

ஐப்பசி கழிந்து கார்த்திகையில் எனக்கு நாள் தள்ளிப் போனது. சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. ஏற்கனவே இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. முதல் தடவை நான்தான் வாய் ஓயாமல் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அப்போது ஒரு நாள் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது ராசம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "மொகம் நல்லா தெளிஞ்சிருக்கு புள்ள" என்றாள். ஏழு நாள் கூட ஆகவில்லை, அடுத்த கிழமையே கலைந்து போனது. ராசம்மாவின் கண்ணைப் பற்றி லயத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவள் ஒரு வார்த்தை மெச்சினால் கறக்கிற மாடு வற்றிவிடும், காய்க்கிற பூசணிக்கொடி கருகிவிடும் என்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்? யாரும் அவள் வீட்டு வாசலில் உட்கார மாட்டார்கள். அவளுக்குப் பேச்சுத்துணை அந்த டிவிதான். சாயந்திரம் மலையிலிருந்து வந்ததும் போட்டாளானால் படுக்கும் வரைக்கும் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். லயத்து நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அதனால் அவள் பார்க்கிற நாடகத்தை நாங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தத் தடவை மூன்று மாதம் முடியும் வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று நானும் அவரும் முடிவு செய்தோம். மிட்வைஃபிடம் பதிந்தால் பாரமில்லாத வேலை கொடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அத்தனை பேருக்கும் நடுவில் என் பெயரைச் சொல்லித் தனி வேலைக்கு அனுப்பினால், அது தமுக்கு அடித்த மாதிரி. அதனால் பதியவில்லை. வழக்கம்போலக் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். சரிவில் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

ஹட்டனுக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். அறைக்குள் இடமில்லை என்று பிரதாப்பை வெளியே நிறுத்திவிட்டார்கள். டொக்டரம்மாவிடம் கேட்டு, திரையில் தெரிந்ததை அவருக்காகப் போனில் பிடித்து வந்தேன். ஒரு அவரைக்கொட்டை அளவு உருவம். நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம்.

என் போனின் கண்ணாடி வெடித்துச் சிலந்திவலை மாதிரி இருந்ததால் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பெரிய டிவி எதற்கு இருக்கிறது, அதில் போட்டுப் பார்ப்போம் என்றார். சாயந்திரம் கதவைச் சாத்தினோம். அவர் தன் போனுக்கு வீடியோவை மாற்றி, டிவிக்கு அனுப்பும் அடையாளத்தைத் தொட்டார். 'லிவிங் ரூம் டிவி' என்று மூன்று தடவை வரிசையாக வந்தது. அவர் முதலாவதைத் தொட்டார்.

எங்கள் டிவி கறுப்பாகவே இருந்தது. போனில் ஓடுகிறது என்று காட்டியது. அவர் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதுதான் பக்கத்து வீட்டில் நாடகத்தில் அழுதுகொண்டிருந்த பொம்பிளை சட்டென்று நின்றாள். நின்ற இடத்திலிருந்து குதிரை ஓட ஆரம்பித்தது. சுவருக்கு மேலாக, முழுச் சத்தத்தில், என் பிள்ளையின் இதயம் அடித்தது.

"ஐயோ, அது நம்ம புள்ள. அவ வீட்டுல ஓடுது. நிப்பாட்டுங்க" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை.

அவர் நிறுத்துகிற பட்டனை அமுக்கினார். இணைப்பு இல்லை என்று வந்தது. மறுபடி அமுக்கினார். போன் உறைந்து நின்றது. அது சின்ன வீடியோதான், முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தது. முடிந்து திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. வைஃபை பெட்டியைப் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று அவர் செருப்பில்லாமல் மழையில் ஓடினார். நான் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். மறைக்க வேண்டியது சுவருக்கு அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே எதை மறைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது. பெட்டியைப் பிடுங்கிவிட்டார் என்று மூச்சு விட்டேன். அவர் நனைந்து வந்து, செல்லசாமி அண்ணன் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். அப்படியானால் நிறுத்தியது ராசம்மாதான். அவள் பார்த்திருக்கிறாள். ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறாள்.

அன்றிரவே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறவில்லை. மிளகாய் கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரதாப் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு மிளகாய் எடுத்துப் போட்டார்.

விடிந்தால் லயம் முழுவதும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பெரட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய பயமாக இருந்தது. ராசம்மா என் பக்கம் திரும்பவில்லை. வழக்கமாக எனக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கிறவள், அன்று கங்காணியிடம் ஏதோ சொல்லி மலையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சாயந்திரம் இன்னொன்றைக் கவனித்தேன். பக்கத்து வீட்டில் நாடகச் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாங்கள் பேசுவதைக் கேட்கத்தான் டிவியை அணைத்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதன் பிறகு நானும் அவரும் எங்கள் வீட்டுக்குள்ளேயே கிசுகிசுத்தோம். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக் கூடக் கிசுகிசுப்புதான்.

இரண்டு கிழமை போயிருக்கும். மழைத் தூறலில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. கூடையோடு அப்படியே செடிக்கு நடுவில் குந்திவிட்டேன். முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. கண் இருட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது கொஞ்ச தூரத்துப் பாதையில் ராசம்மா நிற்பது தெரிந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கங்காணியைப் பெயர் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மலை முழுவதும் என்னைப் பார்த்தது. செய்வதையும் செய்துவிட்டு ஊரையும் கூட்டுகிறாளே என்று அந்த வலியிலும் அவளைத் திட்டினேன்.

தகவல் கேட்டு வந்த பிரதாப், ஹட்டன் வரைக்கும் ஆட்டோவை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. டொக்டரம்மா கருவியை வைத்துத் தேடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குதிரை ஓடியது. பிள்ளை நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்புதான், கூடை சுமக்க வேண்டாம் என்றார். நான் வாய்விட்டு அழுதேன். இந்தத் தடவை பிரதாப்பையும் உள்ளே விட்டார்கள். அவரே வீடியோ பிடித்து எனக்கும் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பயம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, நான் நேரே ராசம்மாவின் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தாள்.

"ஏன் பெரியம்மா இப்பல்லாம் டிவி போடுறதில்ல? நாங்க பேசுறது காதுல விழணும்னா?" என்றேன்.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே பார்த்தேன். டிவியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். அதன்மேல் ஒரு பழைய துவாயைப் போர்த்தியிருந்தாள். வயர் பிடுங்கிக் கிடந்தது.

"அது நான் கேக்காம என் கண்ணு முன்னாடி வந்துருச்சி புள்ள" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "என்னான்னு தெரியாம கொஞ்ச நேரம் பாத்துட்டேன். நீ சத்தம் போட்டப்பதான் வெளங்குச்சி. வயரத் தேடிப் புடிச்சி இழுத்துட்டேன். திரும்ப வந்துரும்னு பயந்துதான் இப்புடி வச்சிருக்கேன்."

ஆனாலும் நான் விடவில்லை. மலையில் நான் விழுந்து கிடந்தபோது ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன்.

"பாக்காம எப்புடி ஒன்னத் தூக்குறது? அதான் ஆளக் கூப்புட்டேன். அன்னைக்கி பீலியில ஒன் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொன்னேன். அடுத்த கெழம இல்லாமப் போச்சி. அதுக்கப்பறம் நான் ஒன்ன நேரா நிமிந்து பாத்திருக்கேனா, யோசிச்சிப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இத்தனை வருஷமும் அவள் கண்ணிலிருந்து நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவள்தான் தன் கண்ணை எனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"புள்ள நல்லா இருக்கு பெரியம்மா. இப்பதான் பாத்துட்டு வாறோம்" என்று போனை எடுத்து நீட்டினேன்.

அவள் பதறிக் கையால் கண்ணை மூடிக்கொண்டாள். காட்டாதே, மூன்று மாதம் முடியட்டும் என்றாள். நான் போனை எடுத்து வைக்கப் போனேன். அவள் மூடிய கண்ணோடு கொஞ்சம் தயங்கினாள்.

"சத்தத்த மட்டும் வையேன்" என்றாள்.

வைத்தேன். என் போனின் சத்தம் அவள் காதுக்கு எட்டவில்லை. காது மந்தமான மனுஷி, அதனால்தான் நாடகத்தை அப்படி அலறவிடுவாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் குனிந்து டிவியின் வயரைச் செருகினேன். திருப்பவில்லை, துவாயையும் எடுக்கவில்லை. போனில் வரிசையைப் பார்த்தேன். 'லிவிங் ரூம் டிவி' இரண்டுதான் இருந்தது. மூன்றாவதாக ஒன்று புதிதாக வரும் வரை காத்திருந்து, அதைத் தொட்டேன்.

சுவரைப் பார்த்தபடி டிவி அடிக்க ஆரம்பித்தது. ராசம்மா பலகைக்கட்டையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் பிரதாப் செருமும் சத்தம் கேட்டது. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். அவள் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தது. துடைத்தால் கண் திறந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ, துடைக்கவில்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வீடியோ முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை.