எடில்சாவின் ஒரு வரியும் உபால்டோவின் நாத்தனாரும்

எடில்சா தொலைக்காட்சித் தொடரில் வரப்போகிறாள் என்ற செய்தியை ரெபோலோ பேட்டையில் முதலில் யாரும் நம்பவில்லை. முட்டை வைத்த அரேப்பா என்கிற சோளமாவு அடை பொரித்து விற்கிறவளை எதற்கு நடிக்கக் கூப்பிடுவார்கள் என்றார்கள். ஆனால் நடந்தது உண்மைதான். பேட்டை இருக்கிற கடலோர நகரமான பர்ராங்கியாவின் சந்தையில் ஒரு காட்சி எடுக்க வந்திருந்தார்கள். மீன்காரியாக நடிக்க அழைத்துவந்த பெண் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்துவிட்டாள். இயக்குநர் சுற்றும்முற்றும் பார்த்தார். அங்கே தன் அடுப்புக்கு முன்னால் விளக்குக் கம்பத்தை நட்டுவைத்த படப்பிடிப்புப் பையன்களை எடில்சா கரண்டியோடு விரட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குரல்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஒரே ஒரு வசனம். அது என்னவென்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெளியே சொன்னால் வெட்டிவிடுவார்களோ என்று பயம். சில மாதம் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு என்று தொலைபேசியில் தகவல் வந்தது. அன்று அவள் பொரித்த அரேப்பாவில் பாதி கருகிப்போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

எல்லோரும் சேர்ந்து தெருவில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்குப் போகிற புரொஜெக்டர் ஒன்று கிடைத்தது. மருந்துக்கடையின் வெள்ளைச் சுவர் திரையாயிற்று. இணையத்தில் சேனல் பார்க்கிற சின்னப் பெட்டியை எதிர்வீட்டார் கழற்றிக் கொடுத்தார்கள். எல்லாம் சரி, சத்தம்தான் இல்லை. புரொஜெக்டருக்குள் இருந்த ஒலிபெருக்கி, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி முனகியது. முன்வரிசையில் இருப்பவனுக்கே கேட்காது.

"எடில்சா பேசுறது எடில்சாவுக்கே கேக்காதா? நாத்தனார் எதுக்கு இருக்கா?" என்றான் உபால்டோ.

நாத்தனார் என்பது அவனுடைய பிகோவின் பெயர். அந்தக் கடற்கரையில் கல்யாணமோ திருவிழாவோ பிகோ இல்லாமல் நடக்காது. ஆளைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகள், முகப்பில் கண்ணைப் பறிக்கிற சாயத்தில் ஓவியம். உபால்டோவின் பெட்டியில், இடுப்பில் கை வைத்து வாயால் நெருப்பு கக்குகிற ஒரு பெண். யாராலும் வாயை மூடவைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். முடுக்கிவிட்டால் நாலு தெரு தள்ளித் தகரக் கூரை அதிரும், நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிச் சம்பாதித்ததையெல்லாம் அவன் அந்தப் பெட்டிக்குள்தான் கொட்டியிருந்தான்.

ஆனால் நாத்தனாரை எங்கே சொருகுவது? புரொஜெக்டரில் படம் உள்ளே வர ஒரு தட்டையான எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது. சத்தம் வெளியே போக ஒன்றுமே இல்லை. இணையப் பெட்டியிலும் அதே தட்டைத் துளைதான். உபால்டோவின் ஆம்ப்ளிஃபயருக்கோ சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனை வேண்டும். அவன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துச் சாமான்களை எல்லாம் வாய் வைக்காமலே செய்கிறான்கள் என்று திட்டினான்.

தீர்வு சொன்னவள் யூரானிஸ். எடில்சாவின் பக்கத்துவீட்டுக்காரி, நகர மையத்துக் கடையில் செல்போன் உறையும் வயரும் விற்கிறவள். ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, படமும் சத்தமும் ஒரே வயரில் சேர்ந்து வந்தால் அது பிரித்துக் கொடுத்துவிடும், படம் புரொஜெக்டருக்குப் போகும், சத்தம் தனியாக நாத்தனாருக்குப் போகும் என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து ஒன்றை எடுத்தும் வந்துவிட்டாள்.

உபால்டோ அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சோப்புக்கட்டியளவுகூட இல்லை.

"இதுவா? என் நாத்தனார் இதோட பேச்சைக் கேப்பாளா?"

"அது பேசவே பேசாது. வர்றதைப் பங்கு போட்டுக் குடுக்கும், அவ்வளவுதான். உன்னை மாதிரி இல்ல," என்றாள் யூரானிஸ்.

எடில்சா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் முடியைச் சுருட்டும் உருளைகள். அவளுக்கு ஏனோ சிரிப்பு சிரிப்பாக வந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். வெங்காயத்தைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

இணையப் பெட்டியின் வயர் எக்ஸ்ட்ராக்டருக்குள் போயிற்று. மறுபக்கத்திலிருந்து இன்னொரு வயர் புரொஜெக்டருக்கு. சிவப்பும் வெள்ளையும் நாத்தனாருக்கு. மின்சாரத்துக்கு ஒரு செல்போன் சார்ஜர். சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது. யாரோ ஒரு சமையல்காரர் பெரிதாகச் சிரித்தார். சத்தம் மட்டும் வரவில்லை. உபால்டோ குமிழைத் திருகிக்கொண்டே போனான். நாத்தனார் வாயைத் திறக்கவில்லை.

அவனுக்கு முகம் வாடிவிட்டது. தன் ஒலிபெருக்கியைக் கெடுத்துவிட்டாள் என்பதுபோல யூரானிஸைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு வயராக உருவி உருவிச் சொருகினாள். சார்ஜரை மாற்றினாள். கடைசியில் இணையப் பெட்டியின் அமைப்புக்குள் புகுந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. எதிர்வீட்டார் அதைச் சினிமாக் கொட்டகை மாதிரி சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கிற முறையில் வைத்திருந்தார்கள். இந்தக் குட்டிப் பெட்டிக்கு அந்த பாஷை புரியவில்லை. சாதாரணமாக இரண்டு பக்கம் மட்டும் கேட்கிற முறைக்கு அவள் மாற்றினாள்.

உபால்டோ குமிழைக் கடைசிவரை திருகிவைத்திருந்ததை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

சமையல்காரர் "உப்பு" என்று சொன்னார். அந்த உப்பு தெருவையே தூக்கிப் போட்டது. மருந்துக்கடை மாடத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. எடில்சாவின் சுருள் உருளை ஒன்று அவிழ்ந்து விழுந்தது. உபால்டோ பாய்ந்து குமிழைக் குறைத்துவிட்டு, பெற்ற மகள் முதல் வார்த்தை பேசியதுபோலப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

இன்னொரு குறை இருந்தது. சத்தம் முந்திக்கொண்டு வந்தது. கத்தி பலகையில் பட்ட ஓசை முதலில் கேட்டது, கை அப்புறம்தான் இறங்கியது. புரொஜெக்டர் படத்தைப் போட மெதுவாக யோசிக்கிறது, சத்தம் நேரே ஓடி வந்துவிடுகிறது என்றாள் யூரானிஸ். சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தவேண்டும்.

"பிடிச்சு நிறுத்தணுமா? அதுக்கு எங்கிட்டயே சாமான் இருக்கு," என்றான் உபால்டோ.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அவன் மைக்கில் நாத்தனாரின் பெயரைக் கூவுவான். அது மலையில் மோதித் திரும்புவதுபோல ஏழெட்டு முறை எதிரொலிக்கும். அதற்கென ஒரு எதிரொலிக் கருவி வைத்திருந்தான். அதைச் சிவப்பு வெள்ளை வயரின் நடுவே சேர்த்து, எதிரொலியை அடியோடு அணைத்து, தாமதத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாகக் கூட்டினான். கத்தியும் ஓசையும் ஒன்றாக விழுந்தன. தெருவே கைதட்டியது. யூரானிஸ் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதிரொலிக் குமிழின்மேல் இனிக் கையே வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

இருட்டியதும் தெரு நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசற்படிகள், கவிழ்த்த பீர்ப் பெட்டிகள். எடில்சாவை நடுவில் உட்காரவைத்தார்கள். மஞ்சள் உடையும் உதட்டுச்சாயமும் போட்டுக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல முழங்கால்களை ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தாள். வெட்டியிருப்பார்களோ? தொடர் ஆரம்பித்தது. பணக்கார வீட்டு அம்மாள் ஓடிப்போன கணவனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தாள். அழுதாள். விளம்பரம் வந்தது. மறுபடி அழுதாள்.

பிறகு சந்தை வந்தது. மீன்கூடைக்குப் பின்னால், சுவர் உயரத்துக்கு, எடில்சா.

சுவரிலிருந்த எடில்சா கத்தியை நீட்டி ஒரு கதவைக் காட்டினாள். உபால்டோ நாத்தனாரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முக்கியமான நேரம் வந்தால் அவன் கை தானாக எங்கே போகுமோ அங்கே போயிற்று. சத்தத்தையும் ஏற்றினான், எதிரொலியையும் ஏற்றினான். வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

"அம்மா, உங்க புருஷன் உள்ளதான் ஒளிஞ்சிருக்கான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன் என்று அந்த வரி கூரை கூரையாகத் தாவிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போயிற்று. ஒளிஞ்சிருக்கான், ஒளிஞ்சிருக்கான் என்று திரும்பி வந்தது. அப்புறம் தெரு வெடித்தது. நாற்காலிகள் சரிந்தன, யாரோ எடில்சாவைத் தூக்கினார்கள், யாரோ அவள் கன்னத்தில் முத்தமிட்டு உதட்டுச்சாயத்தைக் காதுவரை இழுத்துவிட்டார்கள். தன் குரல் தன் விலா எலும்புக்குள் அதிர்ந்ததை அவள் இன்னும் உணர்ந்துகொண்டிருந்தாள். இத்தனை காலம் அந்தக் குரலை அரேப்பா விற்கவும் பையன்களை விரட்டவும்தான் வைத்திருந்தாள்.

கூச்சல் அடங்குவதற்குள் தெருமுனையில் முதல் பெண் வந்து சேர்ந்தாள். ஈரக்கை, இடுப்பில் துண்டு. நாலு தெரு தள்ளி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்குத் தொடரும் தெரியாது, எடில்சாவையும் தெரியாது. உன் புருஷன் ஒளிந்திருக்கிறான் என்று வானத்திலிருந்து ஒரு குரல் சொன்னது, கிளம்பி வந்துவிட்டாள். எங்கே அவன் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் மாரியோரிஸ் வந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

மாரியோரிஸின் கணவன் வில்ஃப்ரிடோ, பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து இங்கே டோமினோ ஆடிக்கொண்டிருந்தவன். அவளைக் கண்டதும் நாத்தனாருக்குப் பின்னால் போய் நின்றான். உபால்டோ அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. சும்மா ஓரடி நகர்ந்து நின்றான், அவ்வளவுதான். வில்ஃப்ரிடோவின் முதுகு வெளியே தெரிந்தது.

"பல்லு எங்கே?" என்று கேட்டாள் மாரியோரிஸ்.

"டாக்டர் வர்ல," என்றான் வில்ஃப்ரிடோ.

"அப்போ நான் பிடுங்குறேன், வா."

தெரு சிரித்த சிரிப்பில் மாரியோரிஸாலும் முறைப்பைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவளே ஒரு பீர் வாங்கிக்கொண்டு, வில்ஃப்ரிடோவின் காதை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோருக்கும் கடைசியாக செனோபியா வந்தாள். வயதான அம்மாள், தேவாலயத்துக்குப் போகிற கறுப்பு உடையில் நிதானமாக நடந்து வந்தாள். அவளைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு மெல்லத் தணிந்தது. எடில்சா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன்மா வந்தீங்க? உங்க வீட்டுக்காரர் போய் எவ்வளவோ வருஷமாச்சே."

"தெரியும்டி. நாந்தானே புதைச்சேன்," என்றாள் செனோபியா. "குரல் அவ்ளோ உறுதியாச் சொல்லிச்சு. எதுக்கும் ஒருதடவை வந்து பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

கிழவியின் வாயோரம் துடித்தது. பிறகு செனோபியா முதலில் சிரித்தாள், தோள் குலுங்க, கண்ணீர் வழிய. வந்திருந்தால் அவனை என்ன செய்திருப்பேன் தெரியுமா என்று அவள் எடில்சாவின் காதில் சொன்ன விஷயம் தேவாலய உடைக்குக் கொஞ்சமும் பொருந்தாதது.

சுவரில் தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. யூரானிஸ் சிவப்பு வெள்ளை வயரை உருவிவிட்டு உபால்டோவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் ஒரு பாட்டைப் போட்டான். பணக்கார அம்மாள் சுவரில் சத்தமில்லாமல் அழுதாள். நாத்தனார் பாடினாள். செனோபியா கைப்பையை மருந்துக்கடைப் படியில் வைத்துவிட்டு எடில்சாவின் இடுப்பைப் பிடித்தாள்.

"அந்த வரியை ஒருவாட்டி நேர்ல சொல்லேன், கேக்கலாம்," என்றாள்.

எடில்சா வாயைத் திறந்தாள். 'அம்மா, உங்க' வரைதான் வந்தது. அதற்குமேல் சிரிப்பு விக்கலாக மாறிவிட்டது. மஞ்சள் உடை குலுங்க அவள் விக்கிக்கொண்டே ஆடினாள். கிழவி விடாமல் கேட்டுக்கொண்டே ஆடினாள்.