வேனில் வந்த நூலகம்

நெடுங்காடு சாலையில் தனியார் கல்லூரி நடத்தும் தாளாளர் தெட்சிணாமூர்த்திக்கு நூலகம் என்றால் கண்ணாடி பீரோ, நூலகர் என்றால் அதன் சாவி. வினிதா வேலைக்குச் சேர்ந்த அன்றே, தூசி தட்டுவதற்குக்கூட ரெண்டு வருஷப் படிப்பா என்று கேட்டுச் சிரித்த மகானுபாவர். மண்டபத்தூரில் மீன் ஏலம் விடும் அன்பழகனின் மகள், நூலக அறிவியல் முதுகலையில் முதல் வகுப்பு வாங்கியவள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அசல் சான்றிதழ்களை வேறு வாங்கித் தன் மேசைக்குள் பூட்டிக்கொண்டார்.

மாணவர்கள் கேட்டால் பீரோவைத் திறக்கக் கூடாதாம், புத்தகம் அழுக்காகிவிடுமாம். கூடப் படித்த ஹஃப்ஸா துபாயில் ஒரு பள்ளி நூலகத்தையே நடத்துகிறாள். இவளோ இங்கே பூட்டுக்குக் காவல்.

கடைசியில் அரசுக் கல்லூரி நூலகர் பணிக்குத் தேர்வானாள். திங்கட்கிழமை பாண்டிச்சேரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் வேலை அடுத்த ஆளுக்கு. மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரி அங்கீகாரத்துக்கான ஆய்வுக்குழு வந்துபோகட்டும் என்று சொல்லிவிட்டார் பெரிய மனுஷர்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் இறங்குவதுபோல, அவருடைய மச்சினன் கல்லூரியிலிருந்து இரண்டாயிரம் புத்தகங்கள் இறங்கின. பழைய முத்திரைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. நூலகத்துக்கு வரும் புத்தகங்களை எண் போட்டு ஏற்றும் பதிவேட்டை அவள் முன்னால் தள்ளி, இவற்றையும் கல்லூரியின் சொந்தப் புத்தகங்களாக ஏற்றிக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் என்றார். போட்டால் பொய்க்குத் துணை, போடாவிட்டால் திங்கட்கிழமை போச்சு. அவள் பேனாவைத் திறக்காமல் கையை நீட்டினாள்.

"சர்ட்டிபிகேட்ட மொதல்ல குடுங்க சார். எழுதித் தர்றேன்."

மீன்காரன் மகள் என்ன செய்துவிடப் போகிறாள் என்ற இளக்காரத்தோடு உறையை எடுத்துப் போட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து மொத்தத்துக்கும் சேர்த்து மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, கீழே தன் கையெழுத்தையும் ஜம்பமாகப் போட்டு வைத்தார்.

மறுநாள் குழுவில் வந்த லோகாம்பாள் அம்மாளும் நூலகர்தான். பீரோ பக்கமே திரும்பாமல் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். எங்கிருந்து வந்தது என்று எழுதும் பத்தியில் அவர் விரல் நின்றது. நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"வேறு கல்லூரியிலிருந்து இரவல். வியாழக்கிழமை வேனில் வந்தவை. ஆய்வு முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டியவை."

தாளாளரின் முகம் வெளுத்துவிட்டது. வினிதாவை ஓரமாகக் கூப்பிட்டு, இப்படிக் கழுத்தறுத்துவிட்டாயே என்று குரலை அடக்கிக்கொண்டு பொருமினார்.

வினிதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எந்தப் புத்தகம் எங்கேருந்து வந்துச்சுன்னு சரியா எழுதுறதுக்குத்தான் சார் அந்த ரெண்டு வருஷப் படிப்பு. மூணு வரிதானே, நீங்க வாசிச்சிருக்கலாம்."