நீலத் தாள், ரோஸ் தாள்

அருள்புரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு ரோஸ் தாள். நீலத்தில் குடி, பீடி, புகையிலை பற்றிக் கேள்விகள். ரோஸில் மனச்சோர்வு பற்றி. ஆண்களுக்கு மனசும் பெண்களுக்குத் தொண்டையும் கிடையாது என்று இதை அச்சடித்த மகராசன் எங்கே கண்டுபிடித்தானோ!

அன்று பனியன் கம்பெனி வேன் பரிசோதனைக்கு இறக்கிவிட்ட நாற்பது பேரில் ராஜபாண்டியும் அவன் மனைவி விஜயராணியும் இருந்தார்கள். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். துணி அயர்ன் செய்யும் அவனுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. முந்தின நாள் மொட்டை மாடிச் சுவரில் ஏறி நின்றவனை அவள்தான் இழுத்து இறக்கினாள். தையல் மெஷினிலிருந்து எழுந்ததும் அவளுக்குத் தினம் ஒரு குவார்ட்டர் வேண்டும். அது அவனுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு மணிக்குள் நாற்பது தாளையும் முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார் நர்ஸ் பிரிசில்லா.

"எவ்வளவுங்க குடிப்பீங்க?"

"குடிக்க மாட்டேன் சிஸ்டர். செத்துரலாம்னு இருக்கு."

"அது இந்தத் தாள்ல இல்லீங்க. வெளிய உக்காந்து நல்லா யோசிச்சுட்டு வாங்க."

விஜயராணிக்கு ஆத்திரம் பொங்கியது. வராந்தாவில் அவனோடு உட்கார்ந்து அழுதுவிட்டு யோசித்தாள். கம்பெனியில் சைஸ் லேபிள் மாறிப்போனால் பனியனையா கிழிக்கிறார்கள்? லேபிளைப் பிரித்து மாற்றித்தானே தைக்கிறார்கள்! அவன் காதில் அதைச் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள்.

"தூக்கமே இல்ல சிஸ்டர். நேத்து மாடியில ஏறி நின்னேன்" என்றாள் ரோஸ் தாளுக்கு.

"தினம் ஒரு குவார்ட்டர். காலையில கை நடுங்கும்" என்றான் அவன் நீலத் தாளுக்கு, அவளைப் பார்த்தபடி.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?" பிரிசில்லாவுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு டாக்டர் டோக்கன், அவனுக்குக் குடி ஆலோசனை டோக்கன்.

வராந்தாவில் டோக்கன்கள் கைமாறின.

ரோஸ் டோக்கனையும் எதிரில் நின்ற மீசையையும் மாறி மாறிப் பார்த்தார் டாக்டர் தமிழ்மதி. "விஜயராணி?"

"ஆமாங்க" என்றான் ராஜபாண்டி.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உக்காருங்க. என்னாச்சு?" மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவன் உடைந்து அழுதான்.

அடுத்த அறையில் ஆலோசகர் சசிகுமார் நெகிழ்ந்துபோயிருந்தார். "ஊட்டுக்காரருக்காக நீங்களே வந்துட்டீங்க! எல்லாப் பொம்பளைகளும் உங்களாட்டம் இருந்துட்டா..."

விஜயராணி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். அவை நடுங்கின.

"அவருக்காக இல்ல சார்" என்றாள். "எனக்காகத்தான் வந்திருக்கேன்."