மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே லாரி

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்டுப் பழகிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கேயும் டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவள் பாப்பாதான். ஊசி குத்துவது வலிக்காது என்று பெயரெடுத்தவள். பொறுமைசாலி என்றும் பெயர் உண்டு. அந்தப் பொறுமைக்குத்தான் எட்டு மாதமாகச் சோதனை.

அவள் அண்ணனும் அவள் வீட்டுக்காரரும் கூட்டாக ஒரு லாரி வைத்திருந்தார்கள். கட்டடச் சாமான் கிடங்கிலிருந்து சிமென்ட், செங்கல், கம்பி ஏற்றிப்போகிற லாரி. காலை ஐந்திலிருந்து மதியம் ஒரு மணி வரை அண்ணன் ஓட்டுவார். அதற்குமேல் பொழுது சாயும்வரை வீட்டுக்காரர். இரண்டு பேரும் நல்ல டிரைவர்கள். வண்டியும் நல்ல வண்டி. ஒரு நாள் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய் வண்டி நடுரோட்டில் நின்றது. அன்றைக்குக் கிடங்கு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வீட்டுக்காரர், "மச்சான் கிளட்ச் மேலயே கால வெச்சுத் தூங்கிட்டு ஓட்டுவார், அப்புறம் பிளேட் எங்க நிக்கும்?" என்று சொல்லிவிட்டார். அண்ணன் பதிலுக்கு, "ரிவர்ஸ் எடுக்க மூணு பேரைக் கூப்பிடுற ஆள் எனக்குக் கிளட்ச் சொல்லித் தரவேண்டாம்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

வண்டி மட்டும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதும் தப்பு, வாரம் ஒரு முறை நின்றது.

ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடாது என்று அண்ணன் பன்னிரண்டு ஐம்பதுக்கே சாவியைக் கிடங்குச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர் ஒன்று பத்துக்கு வந்து எடுப்பார். இடையில் இருந்த இருபது நிமிஷத்தில் வண்டியைப் பற்றித் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பாப்பா ஒரு பெரியவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். ஃபேன் பெல்ட் அறுந்து, இன்ஜின் கொதித்து, பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறதாம். அவள் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, பெல்ட் அறுந்துபோச்சாம்."

"அறும். ஒரு வாரமா காலையில ஸ்டார்ட் பண்ணா கீச்சு கீச்சுன்னு கத்துதே."

"ஒரு வாரமா தெரியுமா? சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட?" என்றார் அண்ணன், உண்மையிலேயே தெரியாதவர்போல.

வியாழக்கிழமை அண்ணன் முறை. சிமென்ட் இறக்கிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் வண்டிக்கு உயிரே இல்லை. பின்னால் வழி கிடைக்காமல் இரண்டு வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்து, வயர் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் போனில் சொல்ல, பாப்பா வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அதுவா? ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டினா ஸ்டார்ட் ஆயிடும். நான் தினமும் அப்படித்தான் எடுக்கறேன்."

"அண்ணனுக்கு அது எப்படிங்க தெரியும்?"

"உங்க அண்ணனுக்குத் தெரியாத விஷயமும் இருக்கா என்ன?"

பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் ஓய்வு உண்டு.

சனிக்கிழமை மெக்கானிக்கே அவளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். குட்டையான மனிதர். கோபம் வந்தால் இன்னும் குட்டையாகத் தெரிவார்.

"பாப்பாம்மா, எனக்கு இதனால வருமானம்தான். ஆனா மனசு கேக்கல. பெல்ட்டை வாரம் ஒரு தடவை விரலால அழுத்திப் பார்த்தா போதும். பேட்டரி முனையைச் சுத்தம் பண்ணி கொஞ்சம் கிரீஸ் தடவினா போதும். தண்ணி, ஆயில், டயர் காத்து, இதெல்லாம் பார்க்கக் கால் மணி நேரம். வண்டி நிக்கறதுக்கு முந்தி பத்து தடவை சொல்லுது. ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சு தடவை கேட்டுட்டு வாய மூடிக்கிறாங்க. நான் யாரைன்னு திட்டறது?"

அன்று மாலை வேலை மாறும்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலைக்கு வரும் அம்மாவும் பகல் வேலை பார்க்கும் இன்னொரு அம்மாவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு ரத்த மாதிரிகூட மாறிப்போனதில்லை. ஏனென்றால் மேஜைமேல் ஒரு நோட்டு இருந்தது. எந்த மெஷின் தகராறு, எந்த ரிப்போர்ட் பாக்கி, எல்லாம் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஒரு நோட்டு வாங்கி லாரியில் வைத்தாள். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். "பேச வேண்டாம். மூஞ்சியப் பார்க்க வேண்டாம். வண்டியில என்ன சத்தம், என்ன குறைன்னு எழுதி வெச்சுட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். அவ்வளவுதான்."

முதல் நாள் அண்ணன் எழுதியிருந்தார்: "சீட்டைப் பின்னால் தள்ளியவர் திரும்ப முன்னால் இழுத்து வைக்கவும். எல்லோருக்கும் ஒட்டகக் கால் இல்லை." வீட்டுக்காரரின் பதில்: "கண்ணாடியில் எண்ணெய்த் தலை பட்ட கறை. தலைக்கு எண்ணெய் தேவைதான், லாரிக்கும் கொஞ்சம் ஊற்றவும்." அடுத்த நாள் இன்னும் நீளம். அதற்கடுத்த நாள் ஆளுக்கு ஒரு பக்கம். எட்டு மாதம் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் இரண்டு பேரும் நோட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாப்பா படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு போனை மேஜை டிராயரில் போடுவாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். அண்ணன் அனுப்பிய போட்டோவை அவள் திறந்து பார்க்க ஒன்றரை ஆகிவிட்டது. முதல் ஆறு வரியும் வீட்டுக்காரரின் ரிவர்ஸ் பற்றி. அலுத்துப்போய் மூடப் போனவளின் கண் ஏழாவது வரியில் பட்டது. "காற்று ஏற ரொம்ப நேரம் ஆகிறது. பிரேக் மிதித்தால் அடியில் இஸ் என்று சத்தம். பைப் பார்க்க வேண்டும்."

லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும். காற்று போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், அது அவருடைய ஒரே ஒழுங்கு. அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பிரேக்ல காத்து போகுதா?"

"எழுதிட்டேனே. படிக்கறது அவர் பொறுப்பு."

"அண்ணே! இன்னிக்கு அவருக்கு எங்க லோடு?"

"மேட்டுத் தண்ணித் தொட்டிகிட்ட செங்கல். ஏறிட்டா அந்தப் பக்கம் இறக்கம்." அடுத்த நொடி குரல் மாறியது. "வாசல்ல நில்லு பாப்பா. வர்றேன்."

பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஊசியை ஒப்படைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டோடு அப்படியே அண்ணனின் ஸ்கூட்டரில் ஏறினாள். கடைத்தெரு தாண்டி, மரக்கடை தாண்டி, மேட்டுச் சாலை தொடங்கும் வளைவில் லாரி கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணன் விடாமல் ஹார்ன் அடித்தார். வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். எட்டு மாதமாகப் பேசாத மச்சான், முகம் சிவக்க, கையை ஆட்டிக்கொண்டு துரத்துகிறார். நோட்டில் நேற்று எழுதியது கொஞ்சம் அதிகப்படிதான் என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"நிறுத்தச் சொன்னா வேகமாப் போறாரே, மனுஷன்!" என்று அண்ணன் கத்தினார்.

"நீங்க ஆறு வரி திட்டினா வேற என்ன பண்ணுவார்?" என்று அவள் அதைவிடப் பலமாகக் கத்தினாள். பிறகு கோட்டைக் கழற்றி, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டில் பாதி எழுந்து நின்று கொடிபோல ஆட்டினாள்.

மனைவியைக் கண்டதும் வீட்டுக்காரர் பதறிவிட்டார். மேட்டின் உச்சிக்கு முன்னால் லாரி மெதுவாக, நினைத்ததைவிட ரொம்பத் தூரம் போய் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு குதித்து ஓடிவந்தார். "யாருக்கு என்ன ஆச்சு? யாரு போயிட்டாங்க?"

அண்ணன் இருவரையும் தாண்டி ஓடி, ஒரு செங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, இன்னொன்றையும் வைத்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குள் கிடந்தது.

"மாப்ள, சிவப்புக்கு வந்தா பஸ்ஸர் கத்தணுமே! கத்தலியா?"

வீட்டுக்காரர் உள்ளே தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரைக் காட்டினார். "அது ரெண்டு வாரமா அப்பப்போ கத்திட்டிருந்துச்சு. தொந்தரவா இருக்குன்னு வயர உருவி விட்டுட்டேன்."

"உருவி விட்டீங்களா! பிரேக்ல காத்து போகுதுன்னு ஏழாவது வரியில எழுதியிருந்தேனே!"

"அதை ஏழாவது வரியிலயா எழுதறது? முதல் வரியில உங்க வழக்கமான புராணம். அதைப் பார்த்ததும் நோட்டை மூடிட்டேன். பிரேக் விஷயத்த முதல்ல எழுதினா என்ன?"

"போதும்!"

பாப்பா போட்ட சத்தத்தில் எதிரே சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பதினாறு வருஷமாக நோயாளிகளிடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவள். "நீங்க வண்டி சத்தம் போட்டா வயரப் பிடுங்குறீங்க. அண்ணே, நீங்க ஆபத்தக் கடைசி வரியில மறைச்சு வைக்கிறீங்க. இந்த இறக்கத்துல கீழ என்ன இருக்கு? ஸ்கூல் இருக்கு! உங்க ரெண்டு பேர் வீம்பு அங்க போய் முடியணுமா? நான் இனிமே நடுவுல நிக்கமாட்டேன். எவனாவது எனக்குப் போன் பண்ணுங்க, பார்க்கலாம்."

கட்டிய புருஷனையும் கூடப்பிறந்த அண்ணனையும் எவனாவது என்று சொன்னது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். காற்றுக் குழாயின் கிளிப் ஒன்று கழன்று, குழாய் சட்டத்தில் உரசி உரசி வெள்ளரித் தோல்போல மெலிந்து வெடித்திருந்தது. மாற்றிக் கட்டினார். போகிற போக்கில் காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்தார். கறுப்பாக ஒரு படி தண்ணீர் கொட்டியது.

"இதைத் தினமும் திறந்து விடணும். கடைசியா யார் விட்டது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "அவர் விடுவார்னு நினைச்சேன்" என்றார்கள்.

மறுநாளிலிருந்து பாப்பாவின் சட்டம் வந்தது. ஒரு மணிக்கு இரண்டு பேரும் கிடங்கில் இருக்கவேண்டும். பதினைந்து நிமிஷம் சேர்ந்து வண்டியைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி கைமாறும். சம்மதித்தார்கள். ஆனால் அண்ணன் வலப்பக்கமாகவும் வீட்டுக்காரர் இடப்பக்கமாகவும் சுற்றினார்கள். அப்படியும் முன் பம்பரில் ஒரு தடவை, பின் கதவில் ஒரு தடவை நேருக்கு நேர் வந்துதான் ஆகவேண்டும். முதல் வாரம் தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டாம் வாரம், "அந்தப் பின்டயர்?" "காத்து கம்மி." மூன்றாம் வாரம் காற்றை எந்த அளவு வைப்பது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்ததாகக் கிடங்குக்காரர் புகார் சொன்னார். சமாதானம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். கிளட்ச் பிளேட்டுக்கு யார் காரணம் என்பது இன்றுவரை முடியவில்லை. வண்டி மட்டும் இரண்டு மாதமாக ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் இருவருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனாள். லாரிக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்த மூட்டுக்கு கிரீஸ் அடிச்சாச்சு மச்சான்."

"அடிச்சா இப்படியா காஞ்சு கிடக்கும்? துணியால துடைச்சுப் பாருங்க."

"துடைச்சுட்டுத்தான் சொல்றேன்."

"எங்க, லைட்டக் காட்டுங்க."

பாப்பா இரண்டு தடவை கூப்பிட்டாள். யாருக்கும் காது கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைச் சீட்டின்மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்டுப் படுத்தவள், சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள்.